நீர் கடக்கும் வீதிகளும் அவற்றின் எச்சரிக்கைப் பலகைகளும்

மழைக்காலத்தில் வீதியோரத்தில் இலக்கங்கள் எழுதப்பட்ட வெள்ளைக் கம்பம் ஒன்றை நீங்கள் கண்டிருக்கலாம். வெயில் காயும் நாளில் அது எதற்காக நிற்கிறது என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. கனமழை பெய்து, வீதியின்மேல் நீர் பாயத் தொடங்கியதும் அந்தக் கம்பமே சாரதியின் கண்முன் நிற்கும் ஒரே அளவுகோலாகிறது. அப்போது அதைச் சரியாக வாசிப்பதற்கும் தவறாக வாசிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சில வேளைகளில் ஓர் உயிரின் விலையாக அமைந்துவிடுகிறது.

அவுஸ்திரேலியாவில் வெள்ளத்தினால் நேரும் இறப்புகளில் பெரும்பங்கு வாகனங்களோடு தொடர்புடையது. வீட்டுக்குள் இருந்தவர்களை வெள்ளம் தேடிவந்து கொள்வதைவிட, வெள்ளத்துக்குள் வாகனத்தைச் செலுத்தியவர்கள் சிக்கிக்கொள்வதே அடிக்கடி நிகழ்கிறது. அவர்களில் பலர் தமக்கு நன்கு பழக்கமான வீதியிலேயே, வேலைக்கோ வீட்டுக்கோ சென்றுகொண்டிருந்தவர்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நீர் கடக்கும் வீதிகளில் காணப்படும் பலகைகள் எவை, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பலகைகள் யாவும் ஆங்கிலத்திலேயே உள்ளன. எனவே அவற்றிலுள்ள சொற்களின் ஒலிப்பும் பொருளும் இங்கே தமிழில் தரப்படுகின்றன.

வீதிக்கு மேலாக நீர் ஏன் விடப்படுகிறது?

ஓடை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் உயரமான பாலம் கட்டுவது பெருஞ்செலவான வேலை. ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்து கிடக்கும் ஓடைகளுக்கு, வீதியைத் தாழ்வாக அமைத்து, பெருமழை பெய்யும் சில நாள்களில் மட்டும் நீரை அதன்மேல் பாயவிடுவது உலகெங்கும் உள்ள பழைய முறை. நம்மவர்களுக்கும் இது புதிதன்று. தமிழ்நாட்டில் தரைப்பாலம் என்றும், இலங்கையில் தாம்போதி என்றும் வழங்கும் அமைப்புகள் இதற்கு நெருங்கிய உறவினவே.

ஆகவே இத்தகைய இடத்தில் வீதியின்மேல் நீர் பாய்வது அந்த வீதி பழுதடைந்துவிட்டதன் அடையாளம் அன்று. அது அவ்வாறே வடிவமைக்கப்பட்டது. நீர் பாயும் வேளையில் வாகனங்கள் காத்திருக்க வேண்டும் என்பதும் அந்த வடிவமைப்பின் ஒரு பகுதியே.

நிரந்தரமாக நடப்பட்டுள்ள பலகைகள்

அவுஸ்திரேலியாவில் மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை என்றால் பொதுவாக ‘முன்னால் ஓர் அபாயம் உண்டு, வேகத்தைக் குறைத்துக் கவனியுங்கள்’ என்று பொருள். நீர் கடக்கும் வீதிகளோடு தொடர்புடையவை பின்வருவன.

‘ஃபிளட்வே’ – வெள்ளவழி. வீதியின் இந்தப் பகுதி, வெள்ளநீர் மேலால் பாய்ந்து செல்லும்படி தாழ்வாக அமைக்கப்பட்டது. பெரும்பாலான நாள்களில் உலர்ந்தே இருக்கும். மழை நாள்களில் இப்பலகையைக் கண்டவுடன், நீர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

‘ஃபோர்ட்’ – ஆற்றுத்துறை. இங்கே பாலமே இல்லை. வீதி ஓடையின் படுகைக்குள் இறங்கி மறுகரையில் ஏறுகிறது. மழை இல்லாத நாளிலும் சிறிதளவு நீர் ஓடலாம். ஒரு கார் நிறுவனத்தின் பெயரும் இதே ஒலியுடையதால் சிலர் இதனைக் குழப்பிக்கொள்வதுண்டு. வீதிப் பலகையில் இச்சொல் நீர்நிலையையே குறிக்கிறது.

‘கோஸ்வே’ – தாம்போதி. ஓடைக்குக் குறுக்கே தாழ்வாக எழுப்பப்பட்ட பாதை. அடியில் மதகுக் குழாய்கள் இருக்கலாம். நீர் மிகுந்தால் குழாய்கள் போதாமல் மேலாகவும் வழியும். குப்பைகளும் மரக்கிளைகளும் குழாய்களை அடைத்துவிட்டால் இன்னும் விரைவாக வழியும்.

‘டிப்’ – பள்ளம். வீதி திடீரெனத் தாழ்ந்து மீண்டும் உயர்கிறது. இது நீரைப் பற்றிய பலகை அன்று என்றாலும், மழைநீர் தேங்குவது இத்தகைய பள்ளங்களில்தான். இரவில் பள்ளத்தில் நிற்கும் நீர் முகப்பு விளக்கின் ஒளியில் ஈரமான வீதியைப் போலவே தோன்றும்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு பலகையும் உண்டு. ஒரு காரின் பின்னால் இரண்டு வளைந்த கோடுகள் வரையப்பட்டிருக்கும் பலகை, நனைந்திருக்கும்போது வீதி வழுக்கும் என்பதையே குறிக்கிறது. அக்கோடுகள் நீரலைகள் அல்ல. வழுக்கிய சக்கரங்களின் தடங்கள்.

ஆழத்தைக் காட்டும் கம்பம்

வெள்ளம் அடிக்கடி வரும் இடங்களில் நீண்ட வாசகம் கொண்ட ஒரு பலகையைக் காணலாம்: ‘ரோட் சப்ஜெக்ட் டு ஃபிளடிங் – இண்டிகேட்டர்ஸ் ஷோ டெப்த்’. ‘இந்த வீதி வெள்ளத்துக்கு உட்படக்கூடியது, அளவுகோல்கள் ஆழத்தைக் காட்டும்’ என்பது இதன் பொருள். இதையடுத்து வீதியோரத்தில் இலக்கமிட்ட அளவுகோல் கம்பம் நிற்கும்.

இலக்கங்கள் மீற்றரில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான கம்பங்களில் அவை 0.2, 0.4, 0.6 என 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் உயரும். அடியையும் அங்குலத்தையும் பழகியவர்கள் இங்கே தவறு செய்ய வாய்ப்புண்டு. 0.2 என்பது இரண்டு அங்குலம் அன்று. அது 20 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ எட்டு அங்குலம். 0.5 என்பது அரை மீற்றர். வளர்ந்த ஒருவரின் முழங்கால் அளவு. 1.0 என்பது இடுப்பளவு. சிறு பிள்ளையின் தலையையே எட்டும் அளவு.

வீதியின் மிகத் தாழ்ந்த இடத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைக் காட்டும்படி கம்பத்தை நடுவதே வழமை. ஆகவே கம்பம் நிற்கும் ஓரத்தில் நீர் குறைவாகத் தெரிந்தாலும், இலக்கம் சொல்வதையே நம்ப வேண்டும். கண் சொல்வதை அன்று.

இலக்கத்தை வாசித்தபின் எழும் கேள்வி

‘0.2 தான் காட்டுகிறது. ஆகவே போகலாம்’ என்பதே பலரின் முதல் எண்ணம். கம்பத்தின் மிகச் சிறிய இலக்கம் அதுதான் என்பதால் அது பாதுகாப்பான அளவு என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. இந்த எண்ணத்தை இன்றே கைவிடும்படி உங்களை வேண்டுகிறோம்.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுக்கூடம் 2016 ஆம் ஆண்டில் உண்மையான கார்களை நீர்த்தொட்டியில் நிறுத்திப் பரிசோதித்தது. ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள சிறிய கார், வெறும் 15 சென்ரிமீற்றர் ஆழமும் நொடிக்கு ஒரு மீற்றர் வேகமும் கொண்ட நீரோட்டத்தில் இடம்பெயரத் தொடங்கியது. நொடிக்கு ஒரு மீற்றர் என்பது மணிக்கு 3.6 கிலோமீற்றர், நாம் உலாவச் செல்லும் வேகத்தைவிட அதிகமன்று. நீர் 60 சென்ரிமீற்றரை எட்டியபோது அதே கார் முழுமையாக மிதந்தது. 2.5 தொன் எடையுள்ள பெரிய ஃபோர்-வீல் டிரைவ் வாகனம்கூட, அதே வேகத்தில் ஓடும் 45 சென்ரிமீற்றர் நீரில் நிலைதளர்ந்தது. 95 சென்ரிமீற்றர் ஆழத்தில் அதுவும் மிதந்தது.

இந்த அளவுகளைக் கம்பத்தின் அருகே வைத்துப் பாருங்கள். சிறிய காரை நகர்த்தப் போதுமான ஆழம் 0.15 மீற்றர். கம்பத்தின் முதல் இலக்கமோ 0.2. அதாவது, நீர் முதல் இலக்கத்தைத் தொடும் முன்னரே சிறிய காருக்கு அபாயம் தொடங்கிவிடுகிறது. கம்பம் ஆழத்தை மட்டுமே சொல்கிறது. கடந்து செல்ல அது அனுமதி தருவதில்லை.

ஒரு தொன் எடை எவ்வாறு மிதக்கிறது?

இவ்வளவு எடையுள்ள இரும்பை இவ்வளவு குறைந்த நீர் எப்படி அசைக்கும் என்ற ஐயம் இயல்பானது. கணக்கு எளிது. ஒரு சிறிய காரின் அடிப்பரப்பை 4 மீற்றர் நீளம், 1.6 மீற்றர் அகலம் என்று கொள்வோம். நீர் காரின் அடித்தளத்தைத் தொட்டபின் மேலும் 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால், கார் விலக்கும் நீரின் அளவு 0.64 கன மீற்றர். அதன் எடை 640 கிலோகிராம். ஆர்க்கிமிடிசின் விதிப்படி அதே அளவு விசை காரை மேல்நோக்கித் தூக்கும். காருக்குள் நீர் கசிந்து இறங்கும் வேகத்தையும் காரின் வடிவத்தையும் பொறுத்து இது சற்றுக் கூடலாம், குறையலாம். ஆயினும், ஒரு தொன் எடையில் பாதிக்கு மேலான சுமை சக்கரங்களிலிருந்து நீங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

சக்கரம் வீதியைப் பற்றிக்கொள்வது எடையினால்தான். எடை குறையப் பிடிமானமும் குறையும். பிடிமானம் குறைந்த காரைப் பக்கவாட்டில் வரும் ஓட்டம் தள்ளுகிறது. அந்த ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்நிலையில் ஓட்டுநரின் திறமையோ ஆண்டுக்கணக்கான அனுபவமோ பயன் தருவதில்லை. சக்கரம் தரையைத் தொடாதபோது திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் எதுவும் இல்லை.

பெரிய வாகனம் என்பதால் ஆபத்து இல்லை என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. உயரமும் எடையும் எல்லையைச் சற்றுத் தள்ளிவைக்கின்றன, நீக்கிவிடுவதில்லை. 2024 நவம்பரில் இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு – மாவடிப்பள்ளிப் பகுதியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, அதில் பயணித்த மாணவர்கள் உயிரிழந்த துயரத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். தாயகத்தில் நீர் பாயும் தாம்போதிகளைப் பேருந்துகளும் உழவு இயந்திரங்களும் மெல்லக் கடந்து செல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள், ‘மெதுவாகப் போனால் போகலாம்’ என்ற எண்ணத்தை இங்கும் கொண்டுவந்திருக்கலாம். பலமுறை கடந்து தப்பியவர்களைப் பார்த்தே அந்த எண்ணம் உருவாகிறது. தப்பாத ஒருமுறை அதற்குப் பாடம் சொல்ல வாய்ப்பளிப்பதில்லை.

கம்பம் சொல்லாத மூன்று செய்திகள்

முதலாவது, நீரின் வேகம். மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும் அடியில் ஓட்டம் கடுமையாக இருக்கலாம். காரின் இருக்கையிலிருந்து பார்த்து அதைக் கணிக்க இயலாது.

இரண்டாவது, நீருக்கு அடியிலுள்ள வீதியின் நிலை. வெள்ளம் தார்ப்படலத்தைப் பெயர்த்துச் செல்லலாம். மதகின் பக்கங்களை அரித்துக் குழியாக்கலாம். கம்பம் காட்டும் ஆழம், வீதி முழுமையாக இருந்தால் உள்ள ஆழமே. வீதியே போய்விட்டிருந்தால் அந்த இலக்கத்துக்குப் பொருளில்லை. கலங்கிய நீரில் இதைப் பார்க்க வழியும் இல்லை. கம்பம் சாய்ந்தோ முறிந்தோ குப்பை சூழ்ந்தோ நின்றால் அதன் இலக்கத்தையும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, அடுத்த சில நிமிடங்களில் நேரப்போவது. ஓடையின் மேற்பகுதியில் பெய்த மழை உங்கள் இடத்துக்கு வந்துசேரச் சிறிது நேரம் எடுக்கும். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும் வேளையிலும் நீர் உயர்ந்துகொண்டிருக்கலாம். காலையில் கடந்து சென்ற வீதி மாலையில் மூழ்கியிருக்கலாம்.

நமக்கு அண்மையிலுள்ள சில இடங்கள்

மேற்குச் சிட்னியில் வாழும் நாம் அடிக்கடி பயணிக்கும் பாதைகளிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஹோக்ஸ்பரி–நேப்பியன் பள்ளத்தாக்கில் பல ஆறுகள் வந்து கலக்கின்றன. நீர் வெளியேறும் வழியோ குறுகிய மலையிடுக்குகளின் ஊடாகச் செல்கிறது. ஆகவே நீர் வடிவதைவிட விரைவாகச் சேர்ந்து, வின்ட்சர், ரிச்மண்ட் பகுதிகளின் தாழ்நிலங்களை நிரப்புகிறது. 1867 ஆம் ஆண்டு வின்ட்சரில் நீர் ஏறத்தாழ 19.7 மீற்றர் மட்டத்தை எட்டியது. பதிவுகளில் உள்ள மிகப் பெரிய வெள்ளம் அதுவே. அண்மையில் 2021 மார்ச், 2022 மார்ச், 2022 யூலை ஆகிய மாதங்களில் அடுத்தடுத்துப் பெருவெள்ளங்கள் வந்தன. யாராமுண்டிப் பாலம், நோர்த் ரிச்மண்ட் பாலம் ஆகியவை இத்தகைய வெள்ளங்களில் மூடப்படுகின்றன. பழைய பாலத்தைவிட உயரமாகக் கட்டப்பட்டு 2020 இல் திறக்கப்பட்ட புதிய வின்ட்சர் பாலமும் அடுத்த ஆண்டே, 2021 மார்ச் வெள்ளத்தில் மூழ்கியது. உயரமான பாலம் என்பதும் முழுமையான உறுதிமொழி அன்று.

தெற்கே, ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் பல, வழிபாட்டின் பின் ராயல் தேசியப் பூங்காவின் வழியே திரும்புவதுண்டு. அப்பூங்காவில் ஓட்லி என்னுமிடத்தில் வீதி ஒரு தடுப்பணையின்மேல் ஹேக்கிங் ஆற்றைக் கடக்கிறது. அந்த ஆறு ஹெலன்ஸ்பர்க் பகுதியிலிருந்தே வடக்கு நோக்கி ஓடிவருகிறது. கோயில் சூழலில் நனைந்த மழையே சில மணி நேரத்தின் பின் ஓட்லியில் வீதிக்கு மேலாகப் பாயக்கூடும். பெருமழையின்போது அந்த வீதி மூடப்படுவது வழமை. மழை நாளில் நெடுஞ்சாலையிலேயே திரும்புவது அறிவுடைமை.

நகருக்குள்ளும் இதே நிலை உண்டு. துங்காபி ஓடை போன்ற நீரோடைகளின் அருகிலுள்ள தாழ்ந்த தெருக்கள், கடும் இடிமழையில் மிகக் குறுகிய நேரத்தில் நிரம்பலாம். அங்கே கம்பமோ பலகையோ இல்லாமலும் இருக்கலாம். பலகை இல்லை என்பதற்காக அபாயம் இல்லை என்று கொள்ளலாகாது.

தற்காலிகப் பலகைகளும் சட்டமும்

வெள்ள வேளையில் பணியாளர்கள் கொண்டுவந்து வைக்கும் பலகைகள் இரண்டு.

‘வோட்டர் ஓவர் ரோட்’ – வீதியின்மேல் நீர் உள்ளது. முன்னால் நீர் இருப்பது உறுதிப்படுத்தப்பட்டுவிட்டது என்பது இதன் பொருள். திரும்புவதற்கு வசதியான இடத்தை அப்போதே தேடத் தொடங்குங்கள்.

‘ரோட் குளோஸ்ட்’ – வீதி மூடப்பட்டுள்ளது. இது அறிவுரை அன்று, சட்டபூர்வமான கட்டளை. தடுப்பைச் சுற்றிச் செல்வதும், அதை நகர்த்திவிட்டுச் செல்வதும் குற்றமாகும். தடுப்பை ஒருவர் நகர்த்திவிட்டால், பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கையே இல்லாமற் போகிறது. நீர் வடிந்துவிட்டதுபோலத் தோன்றினாலும், வீதி பரிசோதிக்கப்பட்டுத் தடுப்பு அகற்றப்படும்வரை அது மூடப்பட்டதே. வெள்ளநீருக்குள் செலுத்தியதால் ஏற்படும் சேதத்தைச் சில காப்புறுதி ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை என்பதால், உங்கள் ஒப்பந்தத்தின் அப்பகுதியையும் ஒருமுறை வாசித்துவையுங்கள்.

முடிவை வீட்டிலேயே எடுங்கள்

நீரின் முன் நிற்கும்போது சாரதியின் மனத்தில் நீரைத் தவிர வேறு பலவும் இருக்கும். வேலைக்குத் தாமதமாகிறது, பிள்ளை பாடசாலை வாசலில் காத்திருக்கிறது, முன்னால் சென்ற கார் கடந்துவிட்டது, பின்னால் நிற்பவர் ஒலியெழுப்புகிறார், வழிகாட்டும் செயலி நேராகப் போகும்படி சொல்கிறது. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் அதிகாலைப் பணிக்குச் செல்வோருக்கும், பொருள் விநியோகத்தில் ஈடுபடுவோருக்கும் இந்த அழுத்தம் இன்னும் கூடுதல். புதிதாக வேலையிற் சேர்ந்த ஒருவர் தாமதமாக வந்தால் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சுவது இயல்பே.

ஆகவேதான் அந்த முடிவை நீரின் முன் எடுக்காமல், இன்றே வீட்டில் எடுத்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ‘வீதியின்மேல் வெள்ளநீர் இருந்தால் திரும்புவோம்’ என்ற ஒற்றை விதி போதும். ஆழம் எவ்வளவு என்ற கேள்வியே அதன்பின் எழாது. குடும்பத்தில் வாகனம் ஓட்டும் அனைவரோடும், குறிப்பாக அண்மையில் அனுமதிப்பத்திரம் பெற்ற பிள்ளைகளோடு, இதைப் பேசிவையுங்கள். வாகனத்தில் உடன் செல்பவரும் ‘திரும்புவோம்’ என்று சொல்லத் தயங்கக் கூடாது. வீட்டுப் பெரியவர் ஓட்டினாலும் பிள்ளைகள் அதைச் சொல்ல உரிமையுடையவர்கள்.

மழை நாளில் பின்பற்ற வேண்டியவை:

1. புறப்படும் முன் ‘லைவ் டிராஃபிக்’ இணையத்தளத்திலோ செயலியிலோ மூடப்பட்ட வீதிகளைப் பாருங்கள். உள்ளூர் வானொலியையும் கேளுங்கள்.

2. ‘ஹசர்ட்ஸ் நியர் மீ’ செயலியைக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள். அதில் எச்சரிக்கைகள் மூன்று நிலைகளில் வரும். மஞ்சள் நிறம் – ‘அட்வைஸ்’: தகவலறிந்து விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் நிறம் – ‘வோச் அண்ட் அக்ட்’: நிலைமை மாறுகிறது, இப்போதே செயற்படத் தொடங்குங்கள். சிவப்பு நிறம் – ‘எமர்ஜென்சி வோர்னிங்’: உயிராபத்து, தாமதியாமல் செயற்படுங்கள்.

3. உங்கள் வழமையான பாதையில் ஓடை குறுக்கிடும் இடங்களை வெயில் நாளிலேயே கவனித்து, மாற்று வழியைத் தெரிந்துவையுங்கள்.

4. வழியில் நீரைக் கண்டால் தொலைவிலேயே நிறுத்துங்கள். அபாய விளக்குகளை ஒளிரவிட்டு, பின்னால் வருபவரைக் கவனித்துத் திரும்புங்கள்.

5. வேலையிடத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்: வீதி வெள்ளத்தில் மூழ்கியுள்ளது, மாற்று வழியில் வருகிறேன் அல்லது வர இயலவில்லை. நீரின் ஒளிப்படம் ஒன்றைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து எடுத்து அனுப்பலாம்.

6. நடந்தும் கடக்காதீர்கள். காரை அசைக்கும் நீர் மனிதரை எளிதில் வீழ்த்தும். மழைநீர்க் கால்வாய்களிலும் மதகுகளிலும் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

வெள்ளம் வடிந்தபின் திறக்கப்பட்ட வெள்ளவழியில் செல்லும்போதும் மெதுவாகவே செல்லுங்கள். சேறு, கற்கள், முறிந்த கிளைகள் எஞ்சியிருக்கலாம். மழையற்ற நாளில் ஆழமற்ற ஆற்றுத்துறை ஒன்றைக் கடந்திருந்தால், நிறுத்துமிதியை (பிரேக்கை) மெல்ல அழுத்திப் பாருங்கள். நனைந்த பிரேக் வழமைபோல் பிடிக்காமல் இருக்கலாம்.

காரோடு நீரில் சிக்கிவிட்டால்

காரின் இயந்திரம் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயன்று நேரத்தை இழக்காதீர்கள். அனைவரும் இருக்கைப் பட்டியைக் கழற்றுங்கள். வெளியிலுள்ள நீரின் அழுத்தத்தால் கதவு திறக்காமற் போகலாம்; எனவே மின்சாரம் செயலிழக்கும் முன் கண்ணாடியை இறக்குங்கள். பிள்ளைகளைக் கைவிடாமல் கண்ணாடி வழியே வெளியேறுங்கள். மேட்டுக்குப் பாதுகாப்பாகச் செல்ல முடியாவிட்டால் காரின் கூரையில் ஏறி நின்று உதவியை அழையுங்கள். பொருள்களுக்காகத் திரும்பிச் செல்ல வேண்டாம்.

அழைக்க வேண்டிய இலக்கங்கள்

உயிராபத்து உள்ளபோது: 000. ஆங்கிலம் தடையாக இருந்தால், முதலில் ‘பொலிஸ்’, ‘ஃபயர்’ அல்லது ‘அம்புலன்ஸ்’ என்ற சொல்லையும், அடுத்து ‘தமிழ்’ என்ற சொல்லையும் சொல்லுங்கள், இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

வெள்ளம், புயல் ஆகியவற்றின்போது அவசர உதவிக்கு மாநில அவசரகாலச் சேவை: 132 500.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவிக்குத் தேசிய மொழிபெயர்ப்புச் சேவை: 131 450. இச்சேவையின் ஊடாக எமது சபையுடனும் நீங்கள் தமிழில் பேசலாம்.

சபைக்கு நீங்கள் உதவக்கூடிய வழி

உள்ளூர் வீதிகளைப் பராமரிப்பது மாநகர சபையின் பொறுப்பு. சாய்ந்த அளவுகோல் கம்பம், மரக்கிளையால் மறைக்கப்பட்ட பலகை, அழிந்துபோன இலக்கம், குப்பையால் அடைபட்ட மதகு ஆகியவற்றைக் கண்டால் சபையின் வாடிக்கையாளர் சேவைக்குத் தெரிவியுங்கள். தெருவின் பெயரையும், அருகிலுள்ள குறுக்குத் தெருவையும் சொன்னால் போதும். நீங்கள் வெயில் நாளில் தெரிவிக்கும் ஒரு சாய்ந்த கம்பம், மழை இரவில் முன்பின் அறியாத ஒருவர் சரியான இலக்கத்தை வாசிக்க உதவும்.

அந்த இலக்கம் எதுவாக இருப்பினும், வெள்ளநீருக்கு முன் நிற்கும் சாரதிக்கு உரிய விடை ஒன்றே: காரைத் திருப்புங்கள். அரை மணி நேரத் தாமதத்தை நாளை ஈடுசெய்துகொள்ளலாம்.